கட்டி வைத்தவளும் தண்ணீர் கொடுத்தவளும்

பூனையைக் கட்டி வைத்த பெண்ணைப் பற்றிய ஹதீஸை அறியாத முஸ்லிம் வீடு இருக்க முடியாது. மக்தபில் ஓதும் சிறு பிள்ளையும் அதைச் சொல்லும். ஒரு பெண் ஒரு பூனையைப் பிடித்து அடைத்து வைத்தாள். அதற்குத் தீனியும் கொடுக்கவில்லை. பூமியில் ஊர்ந்து திரிபவற்றைத் தானே தேடித் தின்று கொள்ளட்டும் என்று அவிழ்த்து விடவும் இல்லை. அது செத்துப் போயிற்று. அதன் காரணமாக அவள் நரகம் புகுந்தாள். பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவித்த இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது.

இந்த ஹதீஸை எடுத்துச் சொல்லும் நாம், வாயில்லா ஜீவன்களிடம் இரக்கம் காட்ட வேண்டும் என்ற ஒரு வரியோடு பேச்சை முடித்துக் கொள்கிறோம். அது சரிதான். ஆனால் ஹதீஸ் சொல்வது அதைவிடக் கூர்மையானது. சற்றே சிந்தித்துப் பாருங்கள். அந்தப் பெண் வாழ்ந்த ஊரில் இருந்தது அந்த ஒரு பூனை மட்டும்தானா? தெருவில் பசித்துத் திரிந்த மற்றப் பூனைகளுக்கு அவள் ஏன் சோறு போடவில்லை என்ற கேள்வி ஹதீஸில் எழவே இல்லை. இந்த ஒரு பூனைக்காகத்தான் அவள் பிடிபட்டாள். காரணம், இதற்கு இரை கிடைக்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று அவளுடைய கை. மற்றது அல்லாஹ்வின் விசாலமான பூமி. பூமியின் வழியை அவள் அடைத்தாள். அடைத்த அந்த நிமிடமே, தன் கையால் கொடுப்பது அவள் மீது கடமையாகி விட்டது. கடமையான பின் கையையும் மூடிக் கொண்டாள்.

இமாம் நவவி (ரஹ்) அவர்கள் இந்த ஹதீஸுக்கு விரிவுரை எழுதும்போது, அவள் முஸ்லிமான பெண்தான் என்றும், பூனையின் காரணமாகவே நரகம் புகுந்தாள் என்றும், இது சிறு பாவமல்ல, அவள் அதில் பிடிவாதமாக இருந்ததால் பெரும் பாவமாயிற்று என்றும் கூறுகிறார்கள். அதே ஹதீஸிலிருந்து இப்னு ஹஜர் (ரஹ்) அவர்களின் விரிவுரையில் எடுக்கப்படும் சட்டமோ வேறொரு பக்கத்தைக் காட்டுகிறது. தீனியும் தண்ணீரும் கொடுப்பதில் குறை வைக்காதவருக்குப் பூனையை வளர்ப்பதும் கட்டி வைப்பதும் ஆகும் என்பது அது. ஆக, அடைத்தது மட்டும் குற்றமல்ல. அடைத்துவிட்டுக் கைவிட்டதே குற்றம்.

இன்னொரு பெண்ணின் செய்தியும் நமக்குத் தெரியும். பனூ இஸ்ராயீல்களில் ஒழுக்கம் தவறி வாழ்ந்த ஒருத்தி, தாகத்தால் சாகும் நிலையில் கிணற்றைச் சுற்றிக் கொண்டிருந்த ஒரு நாயைக் கண்டாள். தன் காலணியைக் கழற்றி, அதில் நீர் எடுத்து அதற்குப் புகட்டினாள். அவளுடைய பாவம் மன்னிக்கப்பட்டது. இதுவும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. இங்கே நாம் கவனிக்காத ஒன்று உண்டு. அவள் அந்த நாயை வீட்டுக்கு இழுத்துச் சென்றதாக ஹதீஸில் இல்லை. தண்ணீர் கொடுத்தாள், அவ்வளவுதான். அந்த ஒரு வேளைத் தண்ணீருக்கே கூலி முழுமையாகக் கிடைத்து விட்டது.

பிடித்து வைத்துக் கொண்டு கொடுக்காதவள் ஒருத்தி. பிடித்து வைக்காமலே கொடுத்தவள் ஒருத்தி. இந்த இருவருக்கும் நடுவில் நின்று கொண்டுதான், தெருப் பூனைகளை மீட்டு வளர்த்து வீடு தேடிக் கொடுக்கும் தொண்டர்கள் இன்று வேலை செய்கிறார்கள். தாங்கள் எந்தப் பெண்ணின் பக்கம் சாய்கிறோம் என்பதை அவர்கள் தினமும் பார்த்துக் கொள்ள வேண்டியிருக்கிறது. இக்கட்டுரை அவர்களைப் பற்றியது.

சிங்கப்பூரை எடுத்துக் கொள்வோம். கடையநல்லூர், தென்காசி, நாகூர்ப் பக்கங்களிலிருந்து போய்க் குடியேறிய நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் ஊர் அது. சூலியாப் பள்ளி என்று நம்மவர் அழைக்கும் ஜாமிஆ பள்ளிவாசல் அங்கே 1826-லேயே எழுந்து விட்டது. இன்று அவ்வூர் மக்களில் பெரும்பான்மையோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கிறார்கள். அவ்வீடுகளில் பூனை வளர்க்கக் கூடாது என்று 1989 முதல் விதி இருந்தது. வளர்த்தவர்கள் மறைத்து வளர்த்தார்கள். புகார் வந்ததும் பூனை படிக்கட்டுக்குக் கீழே போய்விடும். 1998-இல் தொடங்கிய தெருப்பூனைக் கருத்தடைத் திட்டமும் 2003-இல் சார்ஸ் நோய்க் காலத்தில் நிறுத்தப்பட்டு, பூனைகள் பிடித்துக் கொல்லப்பட்டன. இந்த நெருக்கடிகளுக்கிடையேதான் அங்கே பூனைநலச் சங்கமும், பெயர் தெரியாத எத்தனையோ தனித் தொண்டர்களும் வேலை செய்தார்கள். 35 ஆண்டுகளுக்குப் பின், 2024 செப்டம்பர் 1 முதல், ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம், உரிமம் எடுக்க வேண்டும், தோலுக்கடியில் மைக்ரோசிப் பொருத்த வேண்டும் என்று சட்டம் மாறியது. பூனைக்குச் சட்டப்படி வீடு கிடைத்தது. ஆனால் தொண்டர்களின் தொலைபேசி ஓயவில்லை.

இவர்களின் வேலை மூன்று கட்டம். தெருவில் அடிபட்டதையோ தாயை இழந்த குட்டியையோ எடுத்து வருவது முதலாவது. அது தேறும்வரை ஒருவர் வீட்டில் வைத்து வளர்ப்பது இரண்டாவது. இதை இடைக்கால வளர்ப்பு என்போம். நிரந்தரமாக ஒரு குடும்பத்தில் சேர்ப்பது மூன்றாவது. இதற்குத் 'தத்து' என்ற சொல் வழங்குகிறது. தத்துப் பிள்ளையைச் சொந்தப் பிள்ளையாக்க முடியாது என்று அல் அஹ்ஸாப் அத்தியாயத்தில் அல்லாஹ் கூறியிருக்கிறானே, இது ஆகுமா என்று ஒரு நண்பர் கேட்டார். பூனைக்கு வம்சப் பெயரும் இல்லை, வாரிசுப் பங்கும் இல்லை. சொல்லுக்காகச் சண்டை வேண்டியதில்லை.

இப்போது கேள்விக்கு வருவோம். ஏற்கெனவே எட்டுப் பூனைகளை வைத்திருக்கும் ஒரு சகோதரிக்கு இரவு பத்து மணிக்குத் தொலைபேசி வருகிறது. மின்தூக்கி வாசலில் நான்கு குட்டிகள் அட்டைப் பெட்டியில் கிடக்கின்றன, வந்து எடுத்துப் போங்கள் என்கிறார் ஒருவர். அவரிடம் இடமில்லை, பணமில்லை, அவருக்குத் தூக்கமுமில்லை. அவர் 'முடியாது' என்று சொல்லலாமா? சொன்னால் அவர் இரக்கமற்றவரா?

பெரும்பாலானவர்கள் மனத்தில் இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும். ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். எட்டுக்குக் கொடுத்தவன் பன்னிரண்டுக்கும் கொடுப்பான். தவக்குல் வைத்து எடுத்துக் கொள்ள வேண்டியதுதானே என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்று பெருமானார் (ஸல்) அவர்கள் ஒருவருக்குச் சொன்னதாகத் திர்மிதியில் வருகிறதல்லவா? தவக்குல் என்பது கணக்குப் பார்க்காமல் இருப்பதற்கு மறுபெயர் அல்ல. அதிலும் இங்கே தவக்குல் வைப்பது ஒருவர், பசி கிடப்பது இன்னொரு ஜீவன். தன் பொறுப்பில் உள்ளவர்களைப் பாழாக விடுவதே ஒரு மனிதனுக்குப் பாவத்தால் போதுமானது என்ற கருத்திலும் ஹதீஸ் இருக்கிறது.

ஃபிக்ஹு நூல்களில் வதீஆ என்றொரு பாடம் உண்டு. ஒருவர் தம் பொருளை இன்னொருவரிடம் பாதுகாக்கக் கொடுத்து வைப்பது பற்றியது. நம் கடற்கரை ஊர்களில் மதிக்கப்படும் ஷாஃபி மத்ஹபு நூலான மின்ஹாஜில் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் இதை மூன்று படிகளாகப் பிரிக்கிறார்கள். பாதுகாக்கச் சக்தியற்றவர் அதை ஏற்பது ஹராம். சக்தியிருந்தும் தம் நாணயத்தில் தமக்கே நம்பிக்கை இல்லாதவருக்கு மக்ரூஹ். சக்தியும் நம்பிக்கையும் உள்ளவருக்கு முஸ்தஹப்பு. எவ்வளவு நுட்பம் பாருங்கள்! அமானிதத்தை ஏற்பது நற்செயல்தான். ஆனால் சக்தியில்லாதவனுக்கு அதே நற்செயல் ஹராமாகி விடுகிறது. இது மனிதரின் உடைமைக்குச் சொன்ன சட்டம். தெருப் பூனை யாருடைய உடைமையும் அல்ல என்பது உண்மை. ஆனாலும் கியாஸ் செய்து பார்க்க இடமிருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. கொடுத்து வைத்தவன் மனிதனாக இருந்தால் பொருள் கெட்டால் நஷ்டஈடு கேட்பான். பூனையைப் படைத்தவன் கேட்க மாட்டானா?

மாலிகி மத்ஹபின் நூல்களில் இதைவிட நேரான ஒரு மஸ்அலா இருக்கிறது. குருட்டுப் பூனையொன்று ஒருவருடைய வீட்டில் வந்து ஒண்டிக் கொண்டது. அதனால் வெளியேறிப் போக முடியாது. அப்படியானால் அதற்குத் தீனி கொடுப்பது அவ்வீட்டுக்காரர் மீது வாஜிப் என்கிறார்கள். அது கண் தெரிந்து, தானாகப் போகக் கூடியதாயின் வாஜிப் அல்ல. ஏனெனில் அதை அவர் விரட்டிவிடலாம். பிடிக்கவுமில்லை, கட்டவுமில்லை, தானாக வந்த பூனைதான். போக வழியில்லை என்ற ஒரே காரணத்தால் கடமை வந்து சேர்கிறது. இந்த மஸ்அலாவை எழுதி வைத்த அறிஞர்களை நினைத்து நினைத்து நான் வியந்ததுண்டு.

இந்த அளவுகோலை எடுத்துத் தொண்டர் வீட்டில் வைத்துப் பாருங்கள். கூண்டில் இருக்கும் பூனை, கண் இருந்தும் குருட்டுப் பூனைதான். பத்தாவது மாடியில் சன்னலுக்கு வலையடித்து வளர்க்கும் பூனையும் அப்படித்தான். அது எலி பிடிக்கப் போக முடியாது. மீன் கடைக்காரரிடம் போய்க் கத்த முடியாது. அதன் உலகம் முழுவதும் இப்போது ஒருவர் கையில். ஆகவே பூனையை எடுப்பது என்பது ஸதகாவின் முடிவு அல்ல, கடமையின் தொடக்கம். எடுக்கும் வரை அது நஃபில். எடுத்த பின் அது கடன்.

கூட்டம் கூடினால் என்ன ஆகும் என்பதை வெறும் வார்த்தையாகச் சொல்லாமல், பூனை வளர்ப்போர் அஞ்சும் ஒரு நோயை வைத்துச் சொல்கிறேன். பார்வோ இனத்தைச் சேர்ந்த கிருமியால் வரும் குடல் நோய் அது. பான்லூக்கோபீனியா என்று மருத்துவர்கள் சொல்வார்கள். வாந்தியும் கழிச்சலுமாகப் போய், தடுப்பூசி போடாத குட்டிகளில் பெரும்பாலானவற்றைச் சில நாட்களில் கொன்றுவிடும். அந்தக் கிருமி தரையிலும் துணியிலும் கூண்டிலும் ஓராண்டு வரை கூட உயிரோடு கிடக்கும். சாதாரண சோப்புக்கு அடங்காது. நோய் வெளியே தெரியாத ஒரு குட்டியை இரக்கப்பட்டு உள்ளே விட்டால், ஒரு வாரத்தில் ஏற்கெனவே இருந்த எட்டும் படுத்துக் கொள்ளலாம். அதனால்தான் புதிதாக வந்ததை இரண்டு வாரமாவது தனி அறையில் வைக்க வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் வற்புறுத்துகிறார்கள். தனி அறை இல்லையென்றால்? அதுதான் பதில். நோயுற்ற ஒட்டகங்களை நலமான ஒட்டகங்களிடம் ஓட்டி வர வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்த ஹதீஸை நாம் கொரோனா காலத்தில் மட்டும் நினைத்துப் பார்த்தோம்.

ஹிஜ்ரி 660-இல் மறைந்த இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (ரஹ்) அவர்கள் தம் கவாயிதுல் அஹ்காமில், மனிதன் மீது பிராணிகளுக்குள்ள ஹக்குகளை வரிசையாகச் சொல்கிறார்கள். கிழடு தட்டிப் பயனற்றுப் போனாலும், நோயில் விழுந்து இனித் தேறாது என்றானாலும் அதற்குச் செலவழிக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. தன் இனமோ பிற இனமோ, துன்புறுத்தும் பிராணிகளோடு அதைச் சேர்த்து அடைக்கக் கூடாது என்பது இன்னொன்று. இந்த இரண்டே போதும், தொண்டர்களின் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைக்க. அழகான குட்டிகளை வீடு தேடிக் கொடுத்துவிட்டு, ஒற்றைக் கண் கிழவனை யாரும் கேட்கவில்லை என்று மூலைக் கூண்டில் தள்ளுவது முதல் ஹக்கை மீறுவது. ஒன்றையொன்று பிறாண்டிக் கிழிக்கும் பூனைகளை ஓரறையில் நெருக்குவது இரண்டாவதை மீறுவது. எண்ணிக்கையில் பெருமை கொள்ளும் தொண்டு நிலையங்களுக்கு இது கசக்கும்.

அப்படியானால் அந்த நான்கு குட்டிகளும் சாகட்டுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இங்கேதான் தண்ணீர் கொடுத்த பெண் நமக்கு உதவுகிறாள். எடுத்துக் கொள்வதற்கும் கைகழுவுவதற்கும் இடையில் செய்வதற்கு நிறைய இருக்கிறது. அழைத்தவரிடம், உங்கள் வீட்டுக் குளியலறையில் மூன்று நாள் வைத்திருங்கள். பசும்பால் கொடுக்காதீர்கள், கழிச்சல் பிடிக்கும். பூனைக்குட்டிக்கான பால்மாவு இன்ன இடத்தில் கிடைக்கும். பிறந்து சில நாளான குட்டியானால் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை புகட்ட வேண்டும். தாய் நக்கிக் கொடுத்தால்தான் அதற்குச் சிறுநீர் இறங்கும், தாயில்லாததால் வெதுவெதுப்பான ஈரத் துணியால் அடிவயிற்றைத் தடவிவிட வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கலாம். தாய்ப்பூனை இரை தேடத்தான் போயிருக்கிறதா என்று முதலில் சற்று நேரம் தூர நின்று பார்க்கச் சொல்லலாம். பல வேளைகளில் தாய் திரும்பி வந்துவிடும். இவையெல்லாம் காலணியில் முகந்த தண்ணீர். எடுக்க முடியாதவர் கொடுக்கக் கூடியது இது. 'முடியாது' என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைப்பது வேறு. முடியாததைச் சொல்லி, முடிந்ததைக் கொடுப்பது வேறு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நம் வீடுகளைத் தொடும் பக்கம் அது. பூனையைத் தொண்டரின் வாசலில் பெட்டியோடு வைத்துவிட்டுப் போகிறவர், தாம் பூனையைக் காப்பாற்றி விட்டதாகவே எண்ணிக் கொள்கிறார். இது பழைய நோய்தான். மம்லூக் சுல்தான் பைபர்ஸ் கெய்ரோவில் தம் பள்ளிவாசலுக்கு அருகே ஒரு தோட்டத்தைப் பூனைகளுக்காகவே வக்ஃபு செய்தார். பூனைத் தோட்டம் என்றே அதற்குப் பெயர். நூற்றாண்டுகள் கடந்தபின், 1830-களில் அந்நகரில் வாழ்ந்த எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர் அதன் நிலையை எழுதி வைத்திருக்கிறார். தோட்டம் கை மாறிக் கை மாறி விற்கப்பட்டு, வருமானம் அற்பமாகிவிட்டது. வக்ஃபுகளுக்குப் பொறுப்பாளர் என்ற முறையில் காஜியார் தம் நீதிமன்ற முற்றத்தில் பூனைகளுக்கு உணவு போட வேண்டியதாயிற்று. அதுவும் நாளடைவில் அரைகுறையாயிற்று. வேடிக்கை என்னவென்றால், வீட்டில் பூனை வேண்டாம் என்றானவர்கள் அதைக் கொண்டுபோய்க் காஜியாரின் முற்றத்தில் விட்டுவிட்டு வந்தார்களாம். வக்ஃபு செய்த சுல்தானின் நிய்யத்தில் குறையில்லை. பொறுப்பை இறக்கி வைக்க ஓரிடம் இருக்கிறது என்றதும் மனிதர்கள் செய்ததுதான் அது. அமானிதம் என்பது இறக்கி வைப்பவர் விருப்பத்தால் மட்டும் கைமாறாது. ஏற்பவரின் சம்மதமும் வேண்டும். சம்மதமில்லாமல் வாசலில் வைத்துவிட்டுப் போனால் பொறுப்பு இன்னும் வைத்தவரிடம்தான் இருக்கிறது என்று கருதுகிறேன்.

பெருநாளைக்குப் பிள்ளை ஆசைப்பட்டான் என்று குட்டி வாங்கி, பள்ளிக்கூடம் திறந்ததும் தெருவில் விடும் தகப்பனார்களும் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வீட்டில் வளர்ந்த பூனைக்கு இரை தேடவும் வண்டிக்கு ஒதுங்கவும் பழக்கமில்லை. அவிழ்த்து விடுதல் என்பது இங்கே பூமியின் வழியைத் திறப்பது ஆகாது.

பூனையை நிரந்தரமாகக் கொடுக்கும் கட்டத்தில் ஒரு மனத்தாங்கல் எழுகிறது. சன்னலுக்கு வலை இருக்கிறதா, வீட்டில் எல்லாருக்கும் சம்மதமா, ஊருக்குப் போனால் யார் பார்ப்பார், மருத்துவருக்குச் செலவழிக்க முடியுமா என்று தொண்டர்கள் கேட்பது சிலருக்கு அவமானமாக இருக்கிறது. ஒரு பூனைக்கு இத்தனை விசாரணையா, பெண் கேட்டா வந்திருக்கிறோம் என்கிறார்கள். முஸ்லிமைப் பற்றி நல்லெண்ணம் கொள்ள வேண்டும் என்று ஹதீஸ் ஓதிக் காட்டுகிறவர்களும் உண்டு. நல்லெண்ணம் வேறு, விசாரித்தல் வேறு. அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படையுங்கள் என்பது இறைக்கட்டளை. உரியவர் யார் என்று அறியாமல் ஒப்படைப்பது எப்படி? உயரமான மாடியில் வலையில்லாத சன்னலிலிருந்து பூனை விழுவது அடிக்கடி நடப்பது. கேட்கிறவர் பணிவோடு கேட்க வேண்டும், அவ்வளவுதான். சில தொண்டர்கள் காவல்நிலையத்தில் கேட்பது போல் கேட்கிறார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

பணத்தைப் பற்றி. பூனையின் விலையை நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததாக ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பு முஸ்லிமில் இருக்கிறது. நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள் விற்பது கூடும் என்றே சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தடை பயனற்ற காட்டுப் பூனையைப் பற்றியது, அல்லது விற்காமல் அன்பளிப்பாகக் கொடுப்பதே மேல் என்று காட்டுவதற்காக வந்தது என்பது நவவி இமாமின் விளக்கம். தொண்டர்கள் வாங்குவதோ தடுப்பூசி, மைக்ரோசிப், அறுவை ஆகியவற்றுக்கு ஆன செலவில் ஒரு பகுதி. அதைப் பூனையின் விலை என்று சொல்லாமல், செலவுப் பட்டியலைக் காட்டி அதற்கான தொகை என்று எழுதி வாங்கினால் பேச்சுக்கே இடமிருக்காது. மிச்சப் பணத்தை வேறு பூனைக்குச் செலவிடுவதானால் அதையும் முன்னதாகச் சொல்லிவிடுவது நல்லது.

கருத்தடை அறுவையில்தான் நம் வீடுகளில் தயக்கம் அதிகம். இதில் மத்ஹபு வேறுபாடு உண்டு. நன்மை இருந்தாலோ தீங்கைத் தடுப்பதற்காகவோ பூனைக்குக் காயடிப்பதில் குற்றமில்லை என்று ஹனஃபி நூல்களில், ஃபதாவா ஹிந்திய்யாவில் உட்பட, காணலாம். உண்ணத் தகாத பிராணிக்குக் காயடிப்பது கூடாது என்பது நவவி இமாம் சொல்லும் ஷாஃபி மத்ஹபின் நிலை. தற்கால அறிஞர்களில் இப்னு உதைமீன் அவர்கள், பூனைகள் பெருகித் தொல்லையாகி, அறுவையால் அவற்றுக்குத் துன்பமில்லை என்றால் ஆகும் என்றார்கள். பூனை நான்கைந்து மாதத்திலேயே சினைப்படக் கூடியது. சினைக்காலம் இரண்டு மாதத்துக்குச் சற்றே மேல். மயக்க மருந்தில்லாத காலத்தில் காயடிப்பு என்றால் என்ன வேதனை என்பது அன்றைய அறிஞர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று பூனை தூங்கி எழுந்துவிடுகிறது. இந்த மாற்றத்தை ஷாஃபிகளும் தங்கள் ஆலிம்களிடம் எடுத்துவைத்துக் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். பிறக்கும் குட்டிகளுக்கு வழி காட்டாமல், அறுவை மட்டும் கூடாது என்று சொல்லிவிட்டுப் போவது நேர்மையாகப் படவில்லை.

சுத்தம் பற்றிய கேள்வி நமக்குப் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. அபூகதாதா (ரலி) அவர்கள் ஒளூவுக்கு வைத்த நீரைப் பூனை குடிக்கப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்ததும், மருமகள் வியப்போடு பார்த்ததும், பூனை நஜீஸ் அல்ல, அது உங்களைச் சுற்றித் திரிபவற்றில் ஒன்று என்ற நபிமொழியை அவர்கள் எடுத்துச் சொன்னதும் ஹதீஸ் நூல்களில் இருக்கின்றன. ஆனால் வாய் சுத்தம் என்றால் மூத்திரமும் சுத்தம் என்று பொருளல்ல. எட்டுப் பூனை உள்ள வீட்டில் மணல் தட்டை அன்றாடம் அள்ளாவிட்டால் தொழுகை விரிப்பும் தப்பாது, பக்கத்து வீட்டாரின் மூக்கும் தப்பாது. கருவுற்ற பெண்கள் அந்தத் தட்டைத் தொடாதிருப்பது நல்லது. பூனை மலத்தின் வழியாகத் தொற்றும் ஒரு நோய் கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கும்.

இந்த இடத்தில் கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை. பூனையைத் தூக்கி வந்தவர் என்று ஊரில் பெயர் வாங்குவது ஒருவர், தட்டைக் கழுவுவது இன்னொருவர் என்று எத்தனை வீடுகளில் நடக்கிறது! இடைக்கால வளர்ப்புக்குச் சம்மதிக்கும் முன் வீட்டில் உழைக்கப் போகிறவரைக் கேட்க வேண்டும். மூச்சிரைப்பு உள்ள தாயார் இருந்தால் அவரைக் கேட்க வேண்டும். பூனைக்கு ஹக்கு இருக்கிறது என்று சொல்லி மனைவியின் ஹக்கை எடுத்துக் கொடுக்க நமக்கு உரிமையில்லை.

பூனையின் மீதான பிரியம் ஈமானில் உள்ளது என்று சொல்லித் திரியும் வாசகம் ஹதீஸ் அல்ல, இட்டுக்கட்டப்பட்டது என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். அங்கியின் கையைப் பூனைக்காக நபி (ஸல்) அவர்கள் வெட்டிய கதையும் ஹதீஸ் நூல்களில் இல்லை. இந்த வேலைக்கு அவை தேவையுமில்லை. பிரியம் இருப்பவர்களால்தான் அளவு மீறிப் போகிறது. பிரியத்தைவிடக் கணக்கு வைத்திருப்பவர்களின் பூனைகள் நன்றாக இருக்கின்றன.

கடைசியாக, திரும்பி வரும் பூனை. எவ்வளவு விசாரித்துக் கொடுத்தாலும் சில பூனைகள் திரும்பும். வேலை மாற்றம், மணமுறிவு, மரணம், ஒவ்வாமை என்று காரணங்கள் உண்மையாகவே இருக்கும். கொடுக்கும்போதே, முடியாமல் போனால் தெருவில் விடாதீர்கள், எங்களிடமே கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறார்கள் நல்ல தொண்டர்கள். இது வாக்குறுதி; நிறைவேற்ற இடம் வேண்டும். அதனால் எட்டுப் பூனைக்கு இடமுள்ளவர் ஏழோடு நிறுத்திக் கொள்ள வேண்டியிருக்கும். இரவு பத்து மணிக்கு அழைக்கும் மனிதர், அதோ அந்தக் கூண்டு காலியாகத்தானே இருக்கிறது என்று கேட்பார். அது காலியாக இல்லை, கொடுத்து அனுப்பிய பூனைகளுக்காக வைத்திருக்கிறோம் என்று அவரிடம் சொல்லிவிட்டு, பால்மாவு எங்கே கிடைக்கும் என்று சொல்லத் தொடங்கலாம்.